ராணியின் கழுத்தில் 214

பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

போனில் உன்னோடு பேசுவதைவிடச் சுவரோடு பேசலாம். சுவர் முழுக்கக் கேட்டுவிட்டு "என்ன சொன்னே?" என்று திருப்பிக் கேட்காது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல்.

என் சலவைக்கடை இருக்கும் கட்டடத்தை உரிமையாளர் விற்கிறார். இருபத்தாறு வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்தவள் என்பதால் ஜூலை முடிய எனக்குத் தவணை தந்திருக்கிறார். அதற்குள் நான் வாங்காவிட்டால் வேறு யாராவது வாங்குவார்கள். நான் தெருவில் நிற்பேன்.

அப்பா நம் இருவருக்கும் பொதுவாக விட்டுப்போனது இரண்டு. நீ குடியிருக்கும் வீடு, உன் பீரோவில் இருக்கும் அந்தப் பழைய வெள்ளிக் காசு. காசு நல்ல விலைக்குப் போனால் பணம் எனக்கு, வீடு உனக்கு. போகாவிட்டால் வீட்டை விற்றுப் பாதி பாதி. உனக்காகவே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியிருக்கிறேன்.

உங்கள் ஊர் நாணய வியாபாரியிடம் பேசிவிட்டேன். தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பி, அவர்கள் நல்ல மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தந்தால், நான் கடையை வாங்கும் அளவுக்குப் போகுமாம். நன்றாகத் தேய்த்துப் பளபளவென்று அனுப்பு. அழுக்கை யாரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை. எனக்கு இது தொழில். உனக்குத் தெரிய நியாயமில்லை. உன் தலையணை உறையை நான் பார்த்திருக்கிறேன்.

உன் தங்கை

*

பிப்ரவரி 18

தங்கைக்கு,

உன் கடிதம் 15ஆம் தேதி கிடைத்தது. மூன்று முறை படித்தேன். நீ சொல்லும் ஏற்பாடு நியாயமானது என்றே தோன்றுகிறது. எனக்குத் தோன்றுவதெல்லாம் சரியாக இருக்குமா என்பது வேறு. இந்த வீட்டில் எழுபத்தொரு வருடமாக இருக்கிறேன். வேறு எங்கே போய்த் தூங்குவது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

காசைத் தேய்க்கக் கூடாது. முப்பத்தைந்து வருடம் அருங்காட்சியகத்தில் பதிவாளனாக இருந்தவன் என்ற முறையில் இதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். வெள்ளியின் மேல் வருடக்கணக்கில் படிந்திருக்கும் சாம்பலும் நீலமும் கலந்த படலம் அழுக்கு அல்ல. பழைய காசுக்கு அதுதான் தோல். தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். தரம் பார்ப்பவர்கள் பூதக்கண்ணாடியில் அதைத்தான் முதலில் தேடுவார்கள். தேய்த்த காசுக்கு மதிப்பெண்ணே போட மாட்டார்கள்.

வியாபாரியைப் போய்ப் பார்த்தேன். விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு, பஸ் டிக்கெட்டை வாங்குவதுபோல் கையை நீட்டினார். "விளிம்பை மட்டும் பிடிச்சுப் பார்க்கிறதா இருந்தா தரேன்" என்றேன். "பெரியவரே, நான் பிறக்கும்போதே காசோட பிறந்தவன்" என்றார். இருக்கலாம். கை கழுவாமல் பிறந்திருக்கிறார்.

படிவம் வாங்கி வந்திருக்கிறேன். எடை, குறுக்களவு எல்லாம் குறித்தாயிற்று. முகப்பில் ராணி, பின்புறம் கப்பல். அச்சு உடைந்துபோய் ஒரே ஒரு வருடம் மட்டும் வந்த காசு என்பதால்தான் இத்தனை மதிப்பு.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அதை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அண்ணன்

*

பிப்ரவரி 25

அண்ணனுக்கு,

"இன்னொரு விஷயம் இருக்கிறது" என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். காசை அடகு வைத்துவிட்டாயா? அதற்குத் தைரியம் வேண்டும், அதனால் இருக்காது. தொலைத்துவிட்டாயா? நீ இதுவரை தொலைத்தது உன் இளமை ஒன்றுதான். அதற்கும் எங்கேயாவது ரசீது வைத்திருப்பாய்.

தோல், படலம் என்றெல்லாம் எனக்குப் பாடம் எடுக்காதே. என் கடைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். "அது கறை இல்லைம்மா, துணியோட கலரே அப்படித்தான்." வெளுத்துக் கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்கள்.

விஷயம் என்ன? ஒரே பக்கத்தில் எழுது.

உன் தங்கை

*

மார்ச் 4

தங்கைக்கு,

ஒரே பக்கத்தில் எழுத முயல்கிறேன்.

அப்பா இறந்த மாதம் உனக்கு நினைவிருக்கும். நீ நான்காம் நாளே ஊருக்குத் திரும்பிவிட்டாய். வீட்டில் நான் மட்டும். என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். அப்பாவின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். அருங்காட்சியகத்து முறைப்படியே செய்தேன். பொருளின் மேல் துளி வார்னிஷ் தடவுவோம். காய்ந்ததும் அதன்மேல் நுண்ணிய பேனாவால் கறுப்பு மையில் எண் எழுதுவோம். அதன்மேல் மறுபடி ஒரு பூச்சு. எண் அழியாது, பொருளுக்கும் கெடுதல் இல்லை.

213 அப்பாவின் சவரக் கத்தி. 215 குடை. இடையில் அந்தக் காசு.

விளிம்பில் எழுத இடமில்லை. ராணியின் கழுத்துக்குக் கீழே வெறுமையாக இருந்தது. அங்கே எழுதினேன். இருபத்திரண்டு வருடமாக 214 அங்கேயே இருக்கிறது.

காசு என்றால் உறையில் போட்டு, உறைமேல்தான் எண் எழுத வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று ஏன் அப்படிச் செய்யவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கை நிற்கவில்லை என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்தால் வார்னிஷும் மையும் கரைந்துவிடும். வெள்ளியைத் தொடாது. நகப்பூச்சை அழிக்க விற்கிறார்களே, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், உதவாது. உன் கடையில் சுத்தமானது இருக்கும். ஒரு பாட்டில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

பக்கம் முடிந்துவிட்டது.

அண்ணன்

*

மார்ச் 10

அண்ணனுக்கு,

கடையில் வைத்தே உன் கடிதத்தைப் படித்தேன். சிரித்த சிரிப்பில் இஸ்திரிப் பெட்டியை ஒரு கால்சட்டையின் மேலேயே மறந்துவிட்டேன். கால்சட்டைக்காரர் சிரிக்கவில்லை.

அப்பா செத்தால் அழுகிறவர்கள் உண்டு. குடிக்கிறவர்கள் உண்டு. சொத்துக்குச் சண்டை போடுகிறவர்களாவது உண்டு. நீ எண் போட்டிருக்கிறாய். நல்ல வேளை, நான் நான்காம் நாளே கிளம்பினேன். இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் குடைக்கு அடுத்தபடியாக என் பிடரியில் 216 என்று எழுதியிருப்பாய்.

நான் சீக்கிரம் கிளம்பியதை நீ நைசாகக் குத்திக்காட்டியிருப்பதும் கண்ணில் பட்டது. கடையில் கொதிகலன் வெடித்துக் கிடந்தது. அது உனக்கும் தெரியும்.

பாட்டிலை எங்கள் கடைக்குச் சோப்பு கொண்டுவரும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வை. அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே. ஊறவைத்த பிறகு துடைக்காதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ எதையும் துடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

உன் தங்கை

*

மார்ச் 21

தங்கைக்கு,

பாட்டில் 14ஆம் தேதி வந்தது. கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்றி ஊறவைத்தேன். எண் போய்விட்டது. 4 கடைசியாகப் போனது.

ஆனால் எண் இருந்த இடத்தில் வேறொன்று தெரிகிறது. இத்தனை வருடமாகக் காசு முழுவதும் காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது. வார்னிஷ் மூடியிருந்த இடம் மட்டும் அன்றிருந்த நிறத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு அரிசியைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு வெளிறிய கட்டம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நன்றாகத் தெரிகிறது. சாய்க்காமல் பிடித்தாலும் தெரிகிறது.

வியாபாரியிடம் காட்டினேன். முதலில் கை கழுவச் சொன்னேன். கழுவிவிட்டுக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு விஷயமா பெரியவரே? வெள்ளி வெளுக்கிற மருந்துல ஒரு முக்கு முக்குங்க. முழுசும் வெள்ளை வெளேர்னு ஆயிடும். அப்புறம் எது புதுசு எது பழசுன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

தரம் பார்ப்பவருக்குத் தெரியும் என்றேன்.

"பத்துல நாலு பேருக்குத் தெரியாது."

ஏமாறக்கூடிய அந்த நான்கு பேரை நம்பித் தொழில் நடத்துகிறவரிடம் அதற்குமேல் என்ன பேசுவது? வந்துவிட்டேன். என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அண்ணன்

*

மார்ச் 28

அண்ணனுக்கு,

ராணிக்குக் கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு முடிவு செய்யவில்லை என்கிறாய். நீ எதைத்தான் முடிவு செய்திருக்கிறாய்? உனக்குப் பார்த்த பெண்களுக்கெல்லாம் இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள்.

வியாபாரி சொல்வதில் என்ன தவறு? சட்டையில் ஓர் இடம் மட்டும் வெளுத்துப்போனால் முழுச் சட்டையையும் அந்த நிறத்துக்குக் கொண்டுவருவோம். எடுத்துப் போகிறவர் சந்தோஷமாகப் போவார். யாருக்கும் நஷ்டமில்லை. உனக்கு அது முடியாது, ஏனென்றால் உனக்குப் பயம். பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு முழு ஆயுளை ஓட்டிவிட்டாய்.

ஏப்ரல் 5 காலை வருகிறேன். மருந்தை நானே வாங்கி வருகிறேன், நானே முக்குகிறேன். நீ பக்கத்து அறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார். அதுவரை காசைத் தொடாதே.

உன் தங்கை

*

ஏப்ரல் 1

தங்கைக்கு,

நீ வருவது பற்றி மகிழ்ச்சி. காசு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இரவு ரயிலில் நெரிசல் குறைவு.

அண்ணன்

*

ஏப்ரல் 7

அண்ணனுக்கு,

எட்டு மணி நேரம் ரயிலில் வந்து ஒரு காலி டப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். நேரில் கேட்டதற்குத் தரையைப் பார்த்தபடி நின்றாய், அதனால் மறுபடி எழுத்து.

மார்ச் 31ஆம் தேதியே தரம் பார்க்க அனுப்பிவிட்டாய். தபால் ரசீதையும் அனுப்பியவற்றின் நகலையும் நீயே எடுத்து நீட்டினாய். பொய் சொன்னவன் தானே சாட்சியையும் கூட்டி வருவதை அன்றுதான் பார்த்தேன். உன் ஆயுளில் நீ சொன்ன முதல் பொய். அது ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை.

பொய்யை விடு. படிவத்தோடு நான்கு பக்கம் இணைத்திருக்கிறாயே, அதை என்ன செய்வது? எந்தத் தேதியில் எண் எழுதினாய், எத்தனை பூச்சு வார்னிஷ், எத்தனை முறை ஊறவைத்தாய், கட்டம் எத்தனை மில்லிமீட்டர். திருடன்கூட அடித்துக் கேட்டால்தான் சொல்வான். காசு விலைபோகாவிட்டால் உன் வீடுதான் விற்பனைக்குப் போகும் என்று நான் எழுதியது மறந்துவிட்டதா? நான் கும்பிட்டுக் கேட்டிருந்தால் அந்த நான்கு பக்கத்தை எடுத்திருப்பாயா? கும்பிட்டிருக்க மாட்டேன், அது வேறு.

இனி நிறுவனத்திலிருந்து பதில் வரும்வரை எனக்கு எழுதாதே.

உன் தங்கை

*

மே 20

தங்கைக்கு,

காசு நேற்று திரும்பி வந்தது. பிளாஸ்டிக் பெட்டியில்தான் வந்திருக்கிறது. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி. "அசல். மேற்பரப்பு மாற்றப்பட்டுள்ளது. தரம் இடப்படவில்லை."

என் நான்கு பக்கங்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முதல் பக்கத்தின் மூலையில் யாரோ பென்சிலால் 'நன்றி' என்று எழுதியிருக்கிறார். நான் ஒன்றும் எழுதாமலிருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருப்பதால் அதையும் சந்தேகிக்கிறேன்.

வியாபாரி கால் விலை சொல்கிறார். சொல்லும்போது எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தார். அந்தப் பற்களுக்கும் யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள்.

வீட்டை விற்க ஏற்பாடு செய். நான் தகராறு செய்ய மாட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்து அனுப்பினால் போதும்.

அண்ணன்

*

மே 28

அண்ணனுக்கு,

தரகர் ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். ஜூன் 14 காலை பத்து மணிக்கு வீட்டைப் பார்க்க வருகிறார். பிடித்தால் அன்றே முன்பணம் தருவாராம். நானும் வருகிறேன்.

வெளுத்து இஸ்திரி போட்ட சட்டை ஒன்று இத்துடன் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று சந்தேகம் வந்தால் பொத்தானைப் பார். கூரை ஒழுகுமா என்று அவர் கேட்டால் நீ என்னைப் பார், வாயைத் திறக்காதே. நான்கு பக்கம் எதுவும் தயாரிக்காதே. தயாரித்திருந்தால் எரித்துவிடு.

எங்கே போய் இருக்கப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அட்டவணை போட்டு அனுப்புவாய்.

உன் தங்கை

*

ஜூன் 19

தங்கைக்கு,

ஜூன் 14ஆம் தேதி நடந்ததை வரிசையாக எழுதிப் பார்த்தேன். காரியம் எந்த இடத்தில் கெட்டது என்பது தெரிகிறது. ஏன் என்பது தெரியவில்லை. என் நினைவில் பிழை இருந்தால் சொல்.

அவர் எல்லா அறைகளையும் பார்த்தார். சுவர்களைத் தட்டினார். கூரை ஒழுகுமா என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். "ஒழுகாது" என்றாய். விலை ஒத்துவந்தது. காசோலைப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் காட்டி, "இந்தப் பழைய சாமானும் வீட்டோட சேர்த்தியா? இல்ல, பழைய இரும்புக் கடைக்குத் தனியா ஆள் சொல்லணுமா?" என்றார். தரகர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே நானும் எடுத்துக்கொண்டேன். சிரிக்க முயன்றேன்.

நீ, "சார், கொஞ்சம் திரும்புங்க" என்றாய். திரும்பினார்.

"காலர் உள்பக்கம் விரல் தடிமனுக்கு அழுக்கு. வீடு வாங்கப் பணம் இருக்கு, கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்க ஒரு சோப்பு வாங்கலையா? இந்தக் கழுத்தை வச்சுக்கிட்டு எங்க அண்ணனைச் சாமான்னு சொல்றீங்க."

"என்னம்மா இது, விளையாட்டுக்குச் சொன்னா..."

"நான் விளையாட்டுக்குச் சொல்லலை. கூரை ஒழுகும். ஆறு இடத்துல. எழுதிக்கோங்க."

உண்மையில் ஏழு இடம். நான் சொல்லவில்லை.

அவர் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். தரகர் உன்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. நீ அடுத்த ரயிலுக்குப் போய்விட்டாய்.

உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 25, மார்ச் 10, மார்ச் 28. அவர் சொன்னதைவிடக் கடுமையாக நீ என்னைச் சொல்லியிருக்கிறாய், அவரைவிட நன்றாகவும் சொல்லியிருக்கிறாய். அப்படியிருக்க, கடை கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் ஏன் இப்படிச் செய்தாய்?

அண்ணன்

*

ஜூலை 3

அண்ணனுக்கு,

ஏன் என்று கேட்கிறாய். காலர் சகிக்கவில்லை. அவ்வளவுதான். உனக்காக என்று நினைத்துப் பூரித்துப் போகாதே. நான் சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை. மார்ச் 28 கடிதத்தை இன்னொரு முறை படி, அதில் ஒரு எழுத்தும் மாறாது. அதை எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அறுபத்தைந்து வருடம் உன்னைச் சகித்திருக்கிறேன். அந்த ஆள் உன்னைப் பார்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

என்னால் வாங்க முடியாது என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். கட்டடத்தை ஒரு மருந்துக்கடைக்காரர் வாங்கிவிட்டார். வாடகைக்கு விடவும் மாட்டாராம். ஜூலை 31 நான் காலி செய்ய வேண்டும். இரண்டு இயந்திரங்களையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒரு வாரம் யோசித்தேன். எப்படிச் சுற்றி வந்தாலும் உன் முன்னறையில்தான் வந்து நிற்கிறது. பாதி வீடு என்னுடையது. என் பாதி முன்பாதி. உங்கள் ஊரிலும் அழுக்குத் துணி இருக்கும், உன்னை வைத்தே சொல்கிறேன்.

காசைக் கால் விலைக்கே அந்தப் பல்காரனிடம் தள்ளிவிடு. அதில் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போடு. முன்னறையில் அடுக்கி வைத்திருக்கும் உன் அட்டைப் பெட்டிகளை அகற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குப் பட்டியல் அனுப்பாதே. நான் வந்த பிறகு என் வாடிக்கையாளரிடம் துணியைப் பற்றி எதுவும் சொல்லாதே, கேட்டாலும் சொல்லாதே.

இது கடைசிக் கடிதம். இனி உன்னைத் திட்டத் தபால்தலை வாங்க வேண்டியதில்லை.

உன் தங்கை

*

ஜூலை 22

தங்கைக்கு,

கடைசிக் கடிதம் என்று நீ எழுதியது உன் தரப்புக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

காசு விற்றாயிற்று. வியாபாரி பெட்டியின் மேல் கட்டைவிரலை நன்றாகப் பதித்து வாங்கினார். அந்தப் பெட்டி எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழாய் வேலை 18ஆம் தேதி முடிந்தது. குழாய்க்காரர் ஓர் இணைப்பைத் தலைகீழாக வைத்தார். சுட்டிக்காட்டினேன். என்னை நம்பவில்லை. தண்ணீரைத் திறந்ததும் நம்பினார். இரண்டு முறை சட்டை மாற்ற வேண்டியதாயிற்று, அவருக்கு.

முன்னறை காலி. ஆனால் ஒன்றை நீ கவனிக்கவில்லை. உன் பெரிய இயந்திரத்தின் அகலத்தை அதைச் செய்த கம்பெனிக்கு எழுதிக் கேட்டு வாங்கினேன். நம் வாசல் நிலையைவிட நான்கு விரற்கடை அதிகம். இருபத்தாறு வருடம் அதன் பக்கத்திலேயே நின்றவளுக்கு அது எவ்வளவு அகலம் என்று தெரியவில்லை. இதை எழுதும்போது எனக்கு ஒரு சிறிய மகிழ்ச்சி இருப்பதை மறைக்க விரும்பவில்லை.

இயந்திரத்தைக் கழற்றிக் கொண்டுவரலாமா, பின்பக்கமாகச் சுற்றி வரலாமா என்று இரண்டு நாள் அளந்து பார்த்தேன். பிறகு கொத்தனாரை வரச் சொன்னேன். அவருக்கு இந்த வாரம்தான் கை ஒழிந்திருக்கிறது. இன்று காலை கதவையும் நிலையையும் பெயர்த்து எடுத்துவிட்டார். பக்கத்துச் சுவரிலும் ஒரு முழம் இடித்தாயிற்று. இயந்திரங்கள் உள்ளே போன பிறகுதான் மறுபடி நிலை வைக்க முடியுமாம்.

"பெரியவரே, அதுவரைக்கும் கதவில்லாம எப்படி இருப்பீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். எப்போதும் யோசிப்பேன். இந்த முறை யோசிக்காமல் இடிக்கச் சொல்லிவிட்டேன்.

நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருவர் இது என்ன கடை என்று கேட்டார். சலவைக்கடை என்றேன்.

இந்தக் கடிதம் 26ஆம் தேதி உனக்குக் கிடைக்கும். 31 வரை காத்திருக்காதே.

அண்ணன்